ஒரு சாண் தூரம்

என் தங்கச்சியின் முகத்தை எங்கள் அப்பா ஒன்றரை வருஷம் பீரோ கண்ணாடியில்தான் பார்த்தார். நேருக்கு நேர் பார்க்க முடியாமல் போனதற்குக் காரணம் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் மட்டும் குற்றம் குறைந்துவிடவா போகிறது?

இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருஷங்களில், கம்பியில்லாமல் இன்டர்நெட் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் திண்டுக்கல்லில் வேலை பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜின் மொட்டைமாடியில் எங்கள் டவர். ஒட்டன்சத்திரத்தில் இன்னொன்று. தோல் பதனிடும் ஷாப், பூட்டுக் கம்பெனி, காய்கறி மண்டி என்று யார் கேட்டாலும் அவர்கள் மாடியில் ஓர் இரும்புக் குழாயை நட்டு, அதன் தலையில் சோற்றுத் தட்டு அளவுக்கு ஓர் ஆன்டெனாவை மாட்டி, டவரைப் பார்க்கத் திருப்பிவிட்டால் லைன் வந்துவிடும். மாட்டுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். என் வேலை அதற்கப்புறம். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று பாதுகாப்பு விதிகளை வாசித்துக் காட்டி, அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

ஊரில் ஒருத்தரும் அதைக் காதில் வாங்கவில்லை. பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்த ஒரு பாய், நான் வாசித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்மா, ஆன்டெனாவை ஒட்டி நிக்கப்படாதுங்கிற. அந்தா பாரு, பல்லி ஒட்டிக்கிட்டே கெடக்கு. அதுகிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிக்கம்மா" என்றார். கடையே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஒட்டன்சத்திரத்தில் ஒரு மண்டிக்காரர். "ஏனுங்க அம்மணி, இடி இடிச்சா வயரைப் புடுங்கிப் போடோணும்னு சொல்றீங்க. அந்நேரம் பார்த்துக் கேரளாக்காரன் தக்காளி வெலை கேட்டா நான் என்னங்க பண்றது?" என்று கேட்டார். "உசுரோட இருந்து மறுநா சொல்லுங்க" என்றேன். என் வாய் அப்படி. அதே மண்டியில் ஆயுத பூஜைக்கு ஆன்டெனா முழுக்கச் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, குழாயில் வாழைக்கன்றைக் கட்டிவிட்டு, மறுநாள் காலையில் லைன் வரவில்லை என்று போன் போட்டார்கள். நானே மாடிக்குப் போய் வாழையிலையைக் கழித்துப் போட்டுவிட்டு வந்தேன். சாமிக்குச் செய்ததைக் குறை சொல்லலாமா என்று மண்டியில் இருந்த கணக்கர் முணுமுணுத்தார். சாமி ஆன்டெனாவை மூடச் சொல்லவில்லை என்று அவருக்கும் பதில் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தக் குழாயில் துணிக்கொடி கட்டியிருப்பதைப் பார்த்தால் மட்டும் எனக்குக் கண்மண் தெரியாது. வீட்டுக்காரர்களை நிற்கவைத்துக் கத்தியிருக்கிறேன். ஒரு வீட்டில் கொடியை அறுத்துத் துணியோடு கீழே போட்டுவிட்டு வந்து, கம்பெனியில் திட்டு வாங்கினேன்.

எங்கள் அம்மா துணிக்கொடியில்தான் போனாள். தொண்ணூறுகளில், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். மொட்டைமாடியில் இரும்புக் கம்பியைக் கொடியாகக் கட்டியிருந்தோம். வீட்டுக்கு வரும் கரண்டு வயர் காற்றில் உரசி உரசித் தோல் உரிந்து அந்தக் கம்பியில் பட்டிருந்தது. ஈரத் துணியோடு அம்மா கை வைத்தாள். நான் கீழே அரிசி களைந்துகொண்டிருந்தேன். தங்கச்சி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நாலு நாளாகவே அந்த வயர் உரசும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்து மறந்துபோனேன்.

ப்ளஸ் டூ முடித்ததும் தங்கச்சி மடத்தில் சேர்ந்தாள். கன்னியாஸ்திரி ஆனாள். ஆப்பிரிக்காவில் ஒரு மிஷனுக்கு அனுப்பினார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வர முடியும். அப்பா ஒரு வார்த்தை தடுக்கவில்லை. ரயிலேற்றிவிட்டு வந்த அன்று மட்டும், "சின்னது இல்லாம வீடு வெறிச்சோன்னு கெடக்கு தாயி" என்றார். அவளுடைய கடிதம் வர மூன்று வாரம் ஆகும். வந்தால் ஒருமுறை படித்து மடித்து வைக்கமாட்டார். அடுத்தது வரும்வரை அதேதான் சட்டைப்பையில் இருக்கும்.

அப்பா ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலத்தில் இருந்த பாதுகாப்புக் கையேட்டைத் தமிழில் ஒரு தாளாக எழுதித் தரச் சொன்னபோது, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் எழுதினேன். 'ஆன்டெனாவுக்கும் உடம்புக்கும் குறைந்தது இருபது சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும்' என்று எழுதியிருந்தேன். அப்பா பேனாவை வாங்கி அடித்தார்.

"சென்டிமீட்டரை வச்சு எவன் அளப்பான்?" என்று மேஜைமேல் கையை விரித்துக் காட்டினார். "ஒரு சாண்னு எழுது. ஸ்கேல் இருக்கோ இல்லையோ, கை எல்லாத்துகிட்டயும் இருக்கும்."

நல்ல யோசனை. அப்படியே எழுதினேன். இடி மழையில் மாடிக்குப் போகாதே, குழாய்க்குப் போட்ட எர்த் கம்பியைக் கழற்றாதே, ஈரக் கையால் பெட்டியைத் தொடாதே, எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், 'ஆன்டெனாக் குழாயில் துணி காயப்போடக் கூடாது' என்று ஒரு வரி சேர்த்தேன். கையேட்டில் இல்லாத வரி அது. அப்பா அதைப் படித்தார். பேனா அங்கே செத்த நேரம் நின்றது. முற்றுப்புள்ளியை மட்டும் அழுத்தி வைத்துவிட்டுத் தாளைக் கொடுத்தார்.

அப்புறம் அப்பாவுக்கு நெஞ்சில் துடிப்பு குறைந்து இரண்டு தரம் மயங்கி விழுந்தார். மதுரைக்குக் கொண்டுபோனோம். தோள்பட்டைக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்து அனுப்பினார்கள். அதற்கு அடுத்த வருஷம்தான் அந்த நல்ல சேதி வந்தது. தங்கச்சி இருந்த மிஷன் வீட்டுக்கு யாரோ கம்ப்யூட்டரும் கேமராவும் கொடுத்திருக்கிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, நம்ம ஊருக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு, அரை மணி நேரம் வீட்டோடு முகம் பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்று மடத்து மதர் அனுமதி கொடுத்துவிட்டார்களாம்.

நான் கம்பெனியில் சண்டை போட்டு வீட்டுக்கு ஒரு லைன் வாங்கினேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் கொடுத்தார்கள். மாடியில் குழாய், முன்னறை மேஜைமேல் கம்ப்யூட்டர், பக்கத்தில் இரண்டு கொம்பு வைத்த வைஃபை பெட்டி. எல்லாம் தயார். அப்பா சவரம் செய்துகொண்டு வெள்ளைச் சட்டை போட்டு நிற்கிறார். அப்போதுதான் கையேட்டின் கடைசிப் பக்கம் எனக்கு ஞாபகம் வந்தது. பேஸ்மேக்கர் மாதிரிக் கருவி வைத்தவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி. யாருக்கு இருக்கப் போகிறது என்று அதை நான் தமிழில் எழுதாமலே விட்டிருந்தேன்.

டாக்டரைக் கேட்டிருக்க வேண்டியதுதானே? கேட்கவில்லை. கேட்டால், அந்த எழவையே வீட்டில் வைக்காதே என்று சொல்லிவிடுவார், அப்புறம் இருக்கிற அரை மணியும் போய்விடும் என்று பயந்தேன். அதே சமயம் அப்பாவை அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்காரவைக்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. வயர் உரசும் சத்தம் காதில் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் ஒரு சாண் என்று எழுதிக்கொடுத்த மகராசி, பெற்ற அப்பனைப் பின்னறையில் இருபது அடி தள்ளி உட்காரவைத்தேன். இரண்டு அறைக்கும் நடுவே நிலைப்படியில் சாக்பீஸால் ஒரு கோடும் கிழித்தேன். பெட்டியை அணைத்துவிட்டு மாடி வயரை நேராகக் கம்ப்யூட்டரில் சொருகியிருக்கலாம். ஊரில் நாற்பது மாடி ஏறி இறங்கியவளுக்கு அது அன்றைக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், மாடியில் ஆன்டெனா இருக்கிறதே என்று பயந்திருப்பேன்.

"என்னத்தா, எனக்கே கோடு கிழிச்சிட்ட?" என்றார் அப்பா.

"தாண்டுனீங்க, லைனப் புடுங்கிருவேன்" என்றேன்.

முதல் தடவை அப்பா அவள் குரலை மட்டும்தான் கேட்டார். தங்கச்சி திரையில் "அப்பா எங்கக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கேமரா வயர் முழ நீளம். பின்னறை வரைக்கும் எங்கே போக? அப்பா உள்ளேயிருந்து, "இங்கனதான் தாயி இருக்கேன். சாப்டியா?" என்று கத்தினார். அரை மணியும் அப்படியே போய்விட்டது. அன்றைக்கு ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த மாதத்துக்குள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். முன்னறையில் மேஜைக்கு எதிர்ச் சுவரில் பீரோ நின்றது. அம்மாவுக்குச் சீராக வந்த பீரோ, கதவில் ஆளுயரக் கண்ணாடி. அந்தக் கதவைப் பாதி திறந்து, ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து நிறுத்தி, பின்னறை நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்ப்பார். திரும்ப என்னைக் கூப்பிட்டு, "ரவ்வோண்டு உள்ள தள்ளு, போதும் போதும்" என்பார். அன்று காலையில் நாற்காலியிலிருந்து பார்த்தபோது கண்ணாடியில் கம்ப்யூட்டர் திரை தெரிந்தது என்றார். அவருக்குத் தங்கச்சி தெரிந்தால், கேமரா வழியாகத் தங்கச்சிக்கும் அவர் தெரிவார். புரூஃப் பார்த்த மனுஷர், கோணம் பார்க்கவா தெரியாது?

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி அவரைக் கண்ணாடிக்குள் கண்டுபிடித்துவிட்டாள். "அப்பா! அப்பா!" என்று திரையைத் தொட்டாள். அப்பா கையை ஆட்டினார். "நான் தெரியுறேனாப்பா?" என்று கேட்டாள்.

"நல்லாத் தெரியுற தாயி. மூக்கு முழியெல்லாம் தெரியுது" என்றார் அப்பா. பிறகு, "மச்சம் அந்தப் பக்கமால்ல இருந்துச்சு?" என்றார்.

கண்ணாடியில் எல்லாம் இடம் மாறித்தானே தெரியும். நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒவ்வொரு மாதமும் அவள் அதே கேள்வியைக் கேட்பாள். ஒவ்வொரு மாதமும் மூக்கு முழியெல்லாம் தெரியுது என்று அவர் சொல்வார். எனக்கு மனசு ஆறிப்போயிற்று. எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன். அந்த நாற்காலியில் ஒரு நாளாவது நான் உட்கார்ந்து பார்த்ததில்லை.

ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. பேஸ்மேக்கரைச் சோதிக்க மதுரைக்குப் போயிருந்தோம். வரவேற்பறையில் அப்பா உட்கார்ந்த நாற்காலிக்கு மேலே சுவரில், எங்கள் வீட்டில் இருந்த அதே மாதிரிக் கொம்பு வைத்த பெட்டி பச்சை விளக்கோடு மின்னிக்கொண்டிருந்தது. நான் அலறி அவர் கையைப் பிடித்து இழுத்தேன். கையிலிருந்த ஃபைல் சிதறிப்போனது. இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கருவியைச் சோதிக்கிற பெண் வெளியே வந்து என்ன என்று கேட்டாள். பெட்டியைக் காட்டினேன்.

அவள் சிரித்துவிட்டாள். "இதுக்காம்மா? நெஞ்சுல இருந்து ஒரு சாண் தள்ளி இருந்தாப் போதும்மா. பெட்டியத் தூக்கி நெஞ்சுல கட்டிக்கிட்டாத்தான் தப்பு. தாராளமா வீட்ல வச்சுக்கலாம், எதுக்கவே உக்காரலாம்" என்றாள்.

ஒரு சாண். அவள் வாயிலும் அதே வார்த்தை வந்தது. அப்பாவைத் திரும்பிப் பார்க்க எனக்கு முகம் இல்லை. அவர் குனிந்து தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

பஸ் வாடிப்பட்டி தாண்டியதும் அழுதேன். ஒன்றரை வருஷம் உங்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்துவிட்டேனே என்றேன்.

"எனக்குத் தெரியும் புள்ள" என்றார் அப்பா. "போன தடவை செக்கப்புக்கு வந்தப்பவே டாக்டர்கிட்டக் கேட்டுட்டேன். நீ மருந்து வாங்கப் போயிருந்த."

"பின்ன ஏம்ப்பா சொல்லல?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "சொன்னா நீ உக்கார வச்சிருப்ப. ஆனா அந்த அரை மணி நேரமும் அவளப் பாக்க மாட்ட, என் நெஞ்சத்தான் பாத்துக்கிட்டிருப்ப. உங்கம்மா போனதுலருந்து நீ நிம்மதியா மூச்சு விட்டு நான் பாக்கல. பயந்து கெடக்குற புள்ளைக்காகச் செத்த தள்ளி உக்காந்தேன். அம்புட்டுத்தான்." பிறகு, "அந்த வயரு உரசுன சத்தம் எனக்கும் கேட்டுச்சு தாயி. உனக்கு மட்டும் இல்ல" என்றார்.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதை அன்றைக்குத்தான் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். திண்டுக்கல் வரும்வரை விடவில்லை.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஈரத் துணியால் அந்தக் கோட்டைத் துடைத்தேன். செங்கல்லை எடுத்துப் பீரோவைச் சாத்தினேன். முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே அப்பா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். பெட்டிக்கும் தன் நெஞ்சுக்கும் நடுவில் கையை விரித்து ஒரு சாண் அளந்து காட்டி, என்னைப் பார்த்துச் சிரித்தார். நாலு மணி ஆயிற்று. நாலரை. தங்கச்சி வரவில்லை. எங்கள் லைனில் கோளாறோ என்று மாடிக்கு ஏறிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அவளை உள்காட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்களாம். திடீர் மாற்றல். அங்கே கரண்டே கிடையாது. அடுத்த வருஷம் லீவில் வருகிறேன், அப்பாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று எழுதியிருந்தாள்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு முதல் ஞாயிற்றுக்கிழமையும் அப்பா மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார். "ஒருவேளை டவுனுக்கு ஏதும் வந்திருந்தாள்னா?" என்பார். நான் கம்ப்யூட்டரைப் போட்டுவிடுவேன். வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு நாலரை வரை இருப்பார். பிறகு அவரே எழுந்து, சட்டையைக் கழற்றி மடித்து வைப்பார். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுதலாகக் கிடைத்திருந்தால் போதுமே, ஆண்டவரே, ஒன்றே ஒன்று.

அந்த மார்கழியில் சளி பிடித்து நெஞ்சு கட்டிக்கொண்டது. பத்து நாளில் போய்விட்டார். பேஸ்மேக்கர் கடைசிவரை ஒழுங்காகத்தான் வேலை செய்தது என்று டாக்டர் சொன்னார்.

தங்கச்சி லீவில் வந்தபோது அவர் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. கல்லறைக்குப் போய்விட்டு வந்து, காப்பிகூடக் குடிக்காமல், "அப்பா எங்கக்கா உக்காந்திருப்பாரு?" என்று கேட்டாள். பின்னறை நாற்காலியைக் காட்டினேன். அதில் போய் உட்கார்ந்தாள். "நீ போயி கம்ப்யூட்டருக்கு முன்னாடி உக்காரு. பீரோவத் தொற" என்றாள். செங்கல்லைத் தேடி எடுத்து, கதவைப் பழைய கோணத்துக்குத் திறந்து நிறுத்திவிட்டு, அணைந்து கிடந்த திரைக்கு முன்னால், அதற்கு முதுகைக் காட்டி, அவள் முகம் தெரிந்த இடத்தில் என் முகம் இருக்கிற மாதிரி உட்கார்ந்தேன்.

அவள் நாற்காலியில் அப்படியும் இப்படியும் சாய்ந்து பார்த்தாள்.

"எப்படித் தெரியுறேன்?" என்று கேட்டேன்.

"ஜன்னல் வெளிச்சம் நேரா கண்ணாடியிலதாங்க்கா அடிக்குது" என்றாள். "இந்த நேரத்துக்கு, இங்கருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியல. வெறும் வெளிச்சமாத்தான் இருக்கு. உன் முகமே தெரியலக்கா."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு அடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.